கொடியை வெட்ட ஏன் காத்து நிற்கிறார்கள்?

சில வருடங்களுக்கு முன்னர் யூலன்ட் பகுதியிலுள்ள ஒரு வைத்தியசாலையில் எமக்குத் தெரிந்த குடும்பமொன்றுக்கு முப்பதாவது வாரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. நிறை 1,400 கிராம். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத தாய். டெனிஷ் மொழி பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நின்ற தகப்பன். கட்டிலின் தலைமாட்டில் கைகளைப் பிசைந்தபடி மாமி. பிள்ளை வெளியே வந்ததும் மருத்துவிச்சி அதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஈரத்தோடேயே கழுத்துவரை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் இட்டு, தலையில் சின்னத் தொப்பியொன்றைப் போட்டு, தாயின் கால்களுக்கு நடுவே வைத்து, முதுகை மெல்லத் தடவியபடி சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற குழந்தை வைத்தியரும் மணிக்கூட்டைத்தான் பார்த்தார். கொடியை ஒருவரும் வெட்டவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கினம்? பிள்ளையைத் தூக்கச் சொல்லு தம்பி!" என்று மாமி மகனைப் பார்த்துக் கத்தினாராம். மகனுக்கு வாய் வரவில்லை. 'நாங்கள் வந்தேறு குடிகள் எண்டபடியால்தான் இப்படி அக்கறையில்லாமல் நிக்கினமோ' என்ற எண்ணம் அந்த ஒரு நிமிடத்துக்குள் தனக்கு வந்து போனதைப் பிறகு எம்மிடம் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

இந்தச் சந்தேகத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். இந்த நாட்டில் எம்மவர்கள் காத்திருந்த வரலாறு அப்படி. 1987 இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாமல் எத்தனையோ பேர் கடிதப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து நாளைக் கழித்தார்கள். அந்த விவகாரத்தில் 1993 தை மாதம் ஒரு அரசாங்கமே பதவி விலகியதும், 1995 இல் அந்த அமைச்சர் குற்றவாளியாகக் காணப்பட்டதும் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். காத்திருப்பு என்றால் யாரோ எங்களைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றே எமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் அந்தப் பிரசவ அறையில் நடந்த காத்திருப்பு வேறு வகை. அங்கே ஒன்றும் செய்யாமல் நின்றதாகத் தெரிந்த அந்த ஒரு நிமிடமே அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட முதல் சிகிச்சை. இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் மாமி கத்தியிருக்க மாட்டார், மகனும் மனம் புழுங்கியிருக்க மாட்டார். எனவேதான் இந்த முறை இதை எழுத எடுத்துக்கொண்டோம்.

முப்பத்தேழு வாரம் நிறையாமல் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறோம். டென்மார்க்கில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ அறுபதாயிரம் பிள்ளைகள் பிறக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு ஆறு அளவில் குறைமாதம். அதாவது இது எங்கோ யாருக்கோ நடக்கும் காரியமல்ல. எங்கள் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒருவராவது இப்படி முந்திப் பிறந்தவர் இருக்கக்கூடும்.

கொடிக்குள் என்ன இருக்கிறது?

கருப்பையில் இருக்கும்போது பிள்ளையின் இரத்தம் முழுவதும் பிள்ளையின் உடம்புக்குள் இருப்பதில்லை. ஒரு பகுதி நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும் ஓடிக்கொண்டிருக்கும். மாதம் நிறைந்த பிள்ளையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இவ்வாறு வெளியே நிற்கும். மாதம் குறையக் குறைய இந்தப் பங்கு கூடும். மிகவும் முந்திய பிள்ளைகளில் பாதிவரைகூட இருக்கும். பிறந்த அந்தக் கணத்திலேயே கொடியைக் கவ்வி வெட்டினால் அந்த இரத்தம் நஞ்சுக்கொடியோடு வாளிக்குள் போய்விடும். சிறிது பொறுத்தால் அது பிள்ளைக்குள் வந்து சேரும். அது தாயின் இரத்தமல்ல. பிள்ளையின் சொந்த இரத்தம்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். மாதம் நிறைந்த பிள்ளைக்கு மூன்று நிமிடத்தில் எண்பது முதல் நூறு மில்லிலீற்றர் வரை வந்து சேரலாம். குறைமாதப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்குள் கிலோ ஒன்றுக்குப் பத்து, பதினைந்து மில்லிலீற்றர். நாம் சொன்ன 1,400 கிராம் பிள்ளைக்கு இது ஒரு மேசைக்கரண்டி, அல்லது அதற்குச் சற்று மேல். இவ்வளவுதானா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளையின் உடம்பிலுள்ள இரத்தம் முழுவதையும் சேர்த்தாலே ஒரு தேநீர்க் கோப்பை நிறையாது. அதில் ஒரு கரண்டி என்பது பெரிய காரியம். பின்னர் வரும் வாரங்களில் பரிசோதனைக்கென்று துளித்துளியாக இரத்தம் எடுப்பார்கள். முதலில் வந்து சேர்ந்த அந்தக் கரண்டி இருந்தால், பிறர் இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறைகிறது.

இரத்தத்தின் அளவு மட்டுமல்ல, மூச்சும் இதில் இருக்கிறது. வயிற்றுக்குள் பிள்ளையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. ஒட்சிசன் கொடி வழியாகத்தான் வரும். இதயத்தின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுவருவதும் பெரும்பாலும் அந்தக் கொடிதான். பிறந்து முதல் மூச்சு எடுத்து நுரையீரல் விரிந்த பிறகுதான் அந்த வேலையை நுரையீரல் பொறுப்பெடுக்கும். பொறுப்பெடுக்க முன்னரே கொடியை அடைத்துவிட்டால் இதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் திடீரெனக் குறைகிறது, துடிப்பு தளர்கிறது, மூளைக்குப் போகும் ஓட்டமும் ஏறி இறங்குகிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகர ஆய்வாளர்கள் செம்மறிக்குட்டிகளில் இதை அளந்து 2013 இல் வெளியிட்டார்கள். முதலில் மூச்சு, பிறகு வெட்டு. ஒழுங்கு மாறக்கூடாது என்பதே அவர்கள் கண்டது. முந்திப் பிறந்த பிள்ளையின் மூளைக் குழாய்கள் புகையிலைச் சருகுபோல எளிதில் உடையக்கூடியவை; அவற்றுக்கு இந்த ஏற்ற இறக்கம் கூடாது.

அப்படியானால் இத்தனை காலமும் ஏன் உடனே வெட்டினார்கள்? இது நியாயமான கேள்வி. இயற்கையாக மெல்லப் போய்க்கொண்டிருந்த ஒன்றைச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைத்தியசாலைகள் அவசரப்படுத்தின. தாய்க்கு இரத்தப்போக்கு வராமல் தடுப்பதற்காக, பிள்ளை பிறந்ததும் ஊசி போடுவது, உடனே கொடியைக் கவ்வுவது, நஞ்சுக்கொடியை இழுத்து எடுப்பது ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகச் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கட்டிலே ஊசிதான் தாயைக் காப்பாற்றியது. கொடியை உடனே கவ்வியதால் தாய்க்குப் பயன் எதுவும் இல்லை என்பது பிற்பாடுதான் தெளிவாகியது. குறைமாதப் பிள்ளையென்றால் அவசரம் இன்னும் கூடியது. வெட்டு, தூக்கு, அடுத்த அறைக்கு ஓடு என்பதே பழக்கம்.

எதிர்க்குரல்கள் இல்லாமலும் இல்லை. பரிணாமக் கொள்கையால் பேர்பெற்ற சாள்ஸ் டார்வினின் பேரனார் எராஸ்மஸ் டார்வின் ஒரு வைத்தியர். கொடியை மிக விரைவில் கட்டி வெட்டுவது பிள்ளைக்குக் கேடு, அது பலமுறை மூச்செடுத்துக் கொடியின் துடிப்பு நிற்கும்வரை பொறுக்க வேண்டும் என்று 1801 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் அவர். இங்கே டென்மார்க்கிலும் ஒருவர் இருந்தார். மயக்கமருந்து வைத்தியரான ஓல சேக்கர், சுவீடன் நாட்டுக் குழந்தை வைத்தியர் பீற்றர் கார்ள்பேர்யுடன் சேர்ந்து, சத்திரசிகிச்சை மூலம் பிறக்கும் பிள்ளைகளுக்கு நஞ்சுக்கொடி இரத்தத்தைச் சேர்ப்பது பற்றி 1962 இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார். அதே பத்தாண்டில் ஸ்ரொக்ஹோமில் யோன் லிண்ட் என்பவரும் கூட்டாளிகளும் ஒவ்வொரு நிமிடத்திலும் எவ்வளவு இரத்தம் கொடி வழியே வருகிறதென்று அளந்து காட்டினார்கள். ஆனாலும் பெரும்பாலான வைத்தியசாலைகளின் கை வேகம் குறைய இன்னும் நாற்பது வருடங்களுக்கு மேல் சென்றது.

எங்கள் ஊர்க்கதையையும் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடியும் வந்து விழுந்த பிறகுதான் மருத்துவிச்சி கொடியை வெட்டுவாள் என்று எமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'பார்த்தீர்களா, எங்கட ஆக்களுக்கு அன்றே தெரியும்' என்று மார்தட்ட ஒரு சிலர் இதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வீடுகளில் துருப்பிடித்த கத்தியால் வெட்டி, வெட்டிய இடத்தில் கண்டதையும் பூசி, ஏழெட்டு நாளில் ஏற்புவலி கண்டு போய்ச்சேர்ந்த சிசுக்களையும் அதே பாட்டிமார்தான் சொன்னார்கள். ஆகவே ஒன்றைப் பெருமைப்படும்போது மற்றதை மறக்கவேண்டாம்.

எண்கள் சொல்வது

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வேறு நாடுகளிலும் குறைமாதப் பிள்ளைகளை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு உடனேயும் மற்றதற்குப் பொறுத்தும் வெட்டிப் பார்த்தார்கள். இவற்றில் மிகப் பெரியது அவுஸ்திரேலியர்கள் தலைமையில் நடந்து 2017 இல் முடிவு வெளிவந்த ஆய்வு. முப்பது வாரத்துக்கு முன் பிறந்த 1,566 பிள்ளைகள். பத்துச் செக்கனுக்குள் வெட்டிய குழுவில் நூற்றுக்கு 9 பிள்ளைகள் இறந்தன. ஒரு நிமிடம் பொறுத்த குழுவில் 6.4. ஆனால் மரணத்தையும் கடும் நோய்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனவே ஆய்வாளர்கள் அடக்கமாகவே பேசினார்கள். அதே பிள்ளைகளை இரண்டு வயதில் திரும்பவும் பார்த்து 2022 இல் எழுதினார்கள்: இறந்தவையும் கடும் குறைபாட்டோடு வாழ்பவையும் சேர்ந்து, உடனே வெட்டியவர்களில் நூற்றுக்கு 34, பொறுத்தவர்களில் 29.

பின்னர் 2023 இல், இப்படியான இருபது ஆய்வுகளின் 3,292 பிள்ளைகளின் தரவுகளையும் ஒன்றாகக் கோத்து 'லான்செற்' வெளியிட்டது. வைத்தியசாலையிலிருந்து வீடு போகுமுன் இறந்தவை, உடனே வெட்டியவர்களில் 8.2 வீதம், பொறுத்தவர்களில் 6.1 வீதம். இதை வேறு விதமாகச் சொன்னால், ஐம்பது குறைமாதப் பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை கூடுதலாக வீடு வந்து சேருகிறது. விலையுயர்ந்த மருந்தோ இயந்திரமோ இல்லாமல், மணிக்கூட்டைப் பார்த்துப் பொறுத்ததனால் மட்டும் வந்த பலன் இது. எமக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் கோபமும் வந்தது. இவ்வளவு மலிவான காரியத்தை அறிய இவ்வளவு காலமா?

மாதம் நிறைந்த பிள்ளைக்கும் இதில் நன்மை உண்டு. சுவீடனின் ஹால்ம்ஸ்ராட் நகரில் ஓலா அன்டர்சன் என்ற வைத்தியர் 400 பிள்ளைகளில் செய்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிமிடம் பொறுத்த பிள்ளைகளுக்கு நான்காம் மாதத்தில் இரும்புச்சத்துக் குறைவு மிகவும் அரிதாக இருந்தது. நேபாளத்தின் காத்மண்டுவில் நடந்து 2017 இல் வெளியான இன்னொரு ஆய்வில், எட்டாம் மாதத்தில் இரத்தச்சோகை குறைந்திருந்தது. எங்கள் பெண்கள் பலர் இரத்தச்சோகையோடுதான் பிள்ளையைச் சுமக்கிறார்கள் என்பதை நினைத்தால் காத்மண்டுக் கணக்கு எமக்குக் கிட்டவாகவே படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்கு முன் வெட்ட வேண்டாம் என்று 2014 இல் சொல்லிவிட்டது. டென்மார்க்கும் சேர்ந்துள்ள ஐரோப்பிய உயிர்மீட்புச் சபை 2015 இலும் மறுபடி 2021 இலும் அதையே சொன்னது: உடனடியாக உயிர்மீட்பு தேவைப்படாத பிள்ளையென்றால் ஆகக்குறைந்தது ஒரு நிமிடம், முடிந்தால் நுரையீரல் விரிந்த பிறகு.

இன்னொன்று. 'பொறுத்து நிற்பானேன், கொடியைக் கையால் உருவிப் பிழிந்துவிட்டால் இரத்தம் விரைவில் போய்விடுமே' என்று நினைத்துச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 23 முதல் 27 வாரப் பிள்ளைகளில், பிழிந்த குழுவில் நூற்றுக்கு 22 பேருக்கு மூளையில் கடும் இரத்தக்கசிவு. பொறுத்த குழுவில் 6. பிள்ளைக்கு நல்லதைக்கூட அவசரமாகக் கொடுக்க முடியாதுபோலும்.

பொறுக்க முடியாத வேளைகள்

எல்லாப் பிரசவத்திலும் பொறுப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நஞ்சுக்கொடி முன்னரே கழன்றுவிட்டால், கொடி அறுந்து இரத்தம் போனால், தாய்க்குக் கடுமையான இரத்தப்போக்கு இருந்தால், உடனே வெட்டத்தான் வேண்டும். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டைப் பிள்ளைகளிலும் வைத்தியர்கள் யோசிப்பார்கள். பிள்ளை மூச்செடுக்காமல் துவண்டு கிடந்தால், பெரும்பாலும் கொடியை வெட்டிச் சூடான மேசைக்குக் கொண்டுபோவார்கள். தாயின் கட்டிலோடு ஒட்டி நிறுத்தும் சிறு மேசைகளைச் சில நாடுகளின் வைத்தியசாலைகள் பயன்படுத்துகின்றன. அவற்றில் கொடி இருக்கும்போதே பிள்ளைக்கு மூச்சுக்கு உதவலாம். உங்கள் பிள்ளைக்கு உடனே வெட்டினார்கள் என்றால் யாரோ பிழை விட்டார்கள் என்றோ, நீங்கள் கேட்காமல் விட்டீர்கள் என்றோ மனதை வருத்தாதீர்கள். சத்திரசிகிச்சை என்றால் பொறுக்க முடியாது என்ற எண்ணமும் பிழை. பல வேளைகளில் முடியும்.

பொறுத்த பிள்ளைகளுக்குச் செங்கமாரி சற்றுக் கூடுதலாக வரலாம். நீல வெளிச்சத்தின் கீழ் ஒன்றிரண்டு நாள் வைத்து மாற்றிவிடுவார்கள். குளிர்தான் உண்மையான எதிரி. முந்திய பிள்ளையின் தோல் மெல்லியது. நனைந்த உடம்போடு ஒரு நிமிடம் கிடந்தால் சூடு இறங்கிவிடும். அந்தப் பிளாஸ்ரிக் பையும் தொப்பியும் அதற்காகத்தான். 'இறைச்சிபோலப் பையில் போட்டுவிட்டார்கள்' என்று அழுத தாயொருவரையும் நாம் அறிவோம்.

மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்ற கதையையும் இங்கேயே முடித்துவிடுவோம். நான்கைந்து பிரசவத்துக்கு ஒன்றில் கொடி கழுத்தைச் சுற்றியிருக்கும். மருத்துவிச்சி அதைத் தலைக்கு மேலால் கழற்றிவிடுவார். மாமன்மார் பயப்படத் தேவையில்லை.

முந்திப் பிறக்கலாம் என்று வைத்தியர்கள் கருதினால், பெரிய வைத்தியசாலைக்குத் தாயை வயிற்றோடேயே அனுப்பிவிடுவார்கள். மிகச் சிறிய பிள்ளைகளைப் பார்ப்பவை கொப்பன்ஹேகன் ரிக்ஸ்ஹொஸ்பிற்றலும் ஓகூஸ், ஓடென்ஸ, ஓல்போ பல்கலைக்கழக வைத்தியசாலைகளும்தான். நடுச்சாமத்தில் அம்புலன்சில் ஏற்றி நூறு கிலோமீற்றர் கொண்டுபோனால், கைவிட்டு அனுப்புகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஊசி போடுவார்கள். அதற்கும் நேரம் வேண்டும். ஆகவே 37 வாரத்துக்கு முன்னர் நோவு வந்தாலும், தண்ணீர் உடைந்தாலும், இரத்தம் கண்டாலும், விடியட்டும் என்று இருக்காமல் உடனே பிரசவப் பகுதிக்குத் தொலைபேசி எடுங்கள். ஆபத்தென்றால் 112.

தனியார் இரத்த வங்கிகள் கொடியிலுள்ள இரத்தத்தை எதிர்காலத்துக்குச் சேமித்துத் தருவதாக விளம்பரம் செய்வதையும் காண்பீர்கள். வங்கிப் பைக்குள் போகும் இரத்தம் பிள்ளைக்குள் போகாத இரத்தம். குறைமாதப் பிள்ளைக்கு அதன் இன்றைய தேவைதான் பெரிது என்பது எமது அபிப்பிராயம்.

கர்ப்ப காலத்தில் மருத்துவிச்சியைச் சந்திக்கும் தடவைகளிலேயே இதைப் பேசி வையுங்கள். டெனிஷ் மொழியில் மருத்துவிச்சியை 'யோர்மோர்' என்பார்கள். கொடி வெட்டுவது 'அவ்நௌலிங்'. பொறுத்து வெட்டுவது 'சேன் அவ்நௌலிங்'. "வி வில் கெர்ன ஹ சேன் அவ்நௌலிங், வெஸ் டே எர் முலிட்" என்று சொன்னால், 'முடியுமானால் பொறுத்து வெட்டுவதை விரும்புகிறோம்' என்று அவர் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்வார். உச்சரிப்புப் பிழைத்தாலும் பரவாயில்லை, விளங்கிக்கொள்வார்கள். மொழி போதாதென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சந்திப்புக்கு முன்னரே கேளுங்கள். பத்து வயது மகளைக் கொண்டு இதையெல்லாம் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இங்கே தகப்பனிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து வெட்டச் சொல்வது வழக்கம். "கோழிகூட வெட்டாத கை அண்ணை இது" என்று எம்மிடம் சொன்ன ஒருவர், கடைசியில் நடுங்கி நடுங்கி வெட்டினார். விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம்; யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

நாம் முதலில் சொன்ன பிள்ளையின் கொடியை ஒரு நிமிடமும் சில செக்கன்களும் கழித்துக் குழந்தை வைத்தியரே வெட்டினார். அதற்குள் பிள்ளை பூனைக்குட்டிபோல இரண்டு தரம் கத்தியிருந்தது. இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. ஆறு வாரம் வைத்தியசாலையில் இருந்தார்கள். தாயும் தகப்பனும் மாறிமாறி வெறும் மார்பில் போட்டு வைத்திருந்தார்கள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவை எப்படிச் செய்வதென்று மாமி எம்மிடம் தொலைபேசியில் கேட்டார். பிள்ளை வீடு வந்தபின் செய்தால் போதுமென்று சொன்னோம். காய்ந்து விழுந்த கொடியை எறிந்துவிட வேண்டாமென்று மாமி சைகையில் கேட்க, தாதி அதை மூடியுள்ள சின்னக் கிண்ணமொன்றில் இட்டு, பிள்ளையின் பெயரும் திகதியும் எழுதி ஒட்டிக் கொடுத்தாராம். அது இப்போது அவர்கள் சாமித்தட்டில் இருக்கிறது.